ஹார்ட் டிஸ்கில் படங்கள் இருக்கின்றன, சிங்க்திங் மட்டும் 'ஃபோல்டர் மார்க்கர் மிஸ்ஸிங்' என்கிறது: உதவி தேவை

தெப்பக்குளத்தான்:
வணக்கம். வீட்டில் ஒரு ராஸ்பெரி பை 4-இல் (உள்ளங்கை அளவு குட்டிக் கணினி) சிங்க்திங் ஓடுகிறது. சாதனங்களுக்கிடையே ஃபைல்களை ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருள் அது. அதில் 1 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறேன். என் ஃபோன், வீட்டம்மா ஃபோன், லேப்டாப் மூன்றும் இந்த டிஸ்கோடு சிங்க் ஆகும். எல்லாப் பக்கமும் 'செண்ட் அண்ட் ரிசீவ்'தான், அதாவது மாற்றங்கள் இரு திசையிலும் போகும். டெஸ்க்டாப்போடு கூடிய ராஸ்பெரி பை ஓஎஸ். டிஸ்கைச் செருகினால் தானே மவுன்ட் ஆகிவிடும் (ஒரு ஃபோல்டர் பாதையில் இணைந்துவிடும்).

மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதற்கப்புறம் பை-யின் சிங்க்திங் பக்கத்தில் அந்த ஃபோல்டர் சிவப்பாக நிற்கிறது. 'ஃபோல்டர் மார்க்கர் மிஸ்ஸிங்' என்று சொல்லி, டேட்டா இழப்பு இருக்கலாம் என்றும் பயமுறுத்துகிறது. எனக்குப் புரியாதது என்னவென்றால், ஃபைல் மேனேஜரில் டிஸ்கைத் திறந்தால் படங்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. மறைவு ஃபைல்களைக் காட்டச் சொன்னேன். சிங்க்திங் மார்க்கராக வைக்கும், புள்ளியில் பெயர் தொடங்கும் அந்த எஸ்டிஃபோல்டரும் உள்ளேதான் இருக்கிறது. பிறகு எதை இல்லை என்கிறது? ரீஸ்டார்ட் செய்து பார்த்தாயிற்று.

கோடைமழை:
சின்ன விஷயம் நண்பா. டெர்மினலில், சிங்க்திங் காட்டும் பாதைக்குப் போய் எம்கேடிஆர் (ஃபோல்டர் உருவாக்கும்) கட்டளையால் எஸ்டிஃபோல்டரை நீங்களே உருவாக்கிவிடுங்கள். ரீஸ்கேன் கொடுத்தால் பச்சையாகிவிடும். எனக்கும் வந்தது, இப்படித்தான் போனது.

மவுன்ட்_மணியக்காரர்:
தெப்பக்குளத்தான், மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். முதல் வேலையாக இரண்டு ஃபோனிலும் லேப்டாப்பிலும் அந்த ஃபோல்டரை 'பாஸ்' செய்யுங்கள், அதாவது சிங்க் ஆவதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். மிச்சத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

அந்த எஸ்டிஃபோல்டர் இருப்பதே இந்த மாதிரி நேரத்துக்காகத்தான். உள்ளே வேறு விசேஷம் எதுவும் இல்லை. 'நான் பார்க்கிற இடம் சரியான இடம்தானா' என்று சிங்க்திங் அடையாளம் பார்த்துக்கொள்வது அதை வைத்துத்தான். டிஸ்க் மவுன்ட் ஆகாவிட்டால் அந்தப் பாதையில் பை-யின் மெமரி கார்டில் உள்ள வெறும் ஃபோல்டர்தான் தெரியும். அங்கே படம் ஒன்றும் இருக்காது. அடையாளமும் இல்லாததால் அது ஸ்கேன் செய்யாமல் நின்றுவிடுகிறது. நீங்கள் அந்தக் காலி இடத்தில் அடையாளத்தைக் கையால் வைத்தால், 'எல்லாப் படங்களையும் இவர் அழித்துவிட்டார்' என்று எடுத்துக்கொண்டு அந்தச் செய்தியை மற்ற மூன்று சாதனங்களுக்கும் அனுப்பிவிடும். அவையும் சொன்ன பேச்சைக் கேட்டு அழித்துவிடும்.

இப்போது இரண்டு விஷயம் எழுதுங்கள். சிங்க்திங்கில் அந்த ஃபோல்டருக்கு என்ன பாதை இருக்கிறது? டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை கொடுத்தால் டிஸ்க் எங்கே மவுன்ட் ஆனதாகக் காட்டுகிறது? ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள்.

கோடைமழை:
மணியக்காரரே, இவ்வளவு பயம் எதற்கு? எனக்கு ஒரு படமும் போகவில்லையே.

மவுன்ட்_மணியக்காரர்:
உங்கள் டிஸ்க் அப்போது சரியான இடத்தில் மவுன்ட் ஆகியிருக்கும். எஸ்டிஃபோல்டர் மட்டும் காணாமல் போயிருக்கும். ஃபோனைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் சில ஆப்கள் காலி ஃபோல்டர் என்று அதை அழித்துவிடுவது உண்டு. அந்த நிலைமையில் நீங்கள் சொன்ன வைத்தியம் சரிதான். ஃபைல்கள் அதே பாதையில் இருக்கின்றன என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும்.

தெப்பக்குளத்தான்:
பாஸ் செய்துவிட்டேன். சிங்க்திங்கில் உள்ள பாதை: மீடியா / பை / போட்டோ. எல்எஸ்பிஎல்கே காட்டுவது: மீடியா / பை / போட்டோ1. இந்த 1 எங்கிருந்து வந்தது? நான் வைக்கவில்லை சார்.

மவுன்ட்_மணியக்காரர்:
அதேதான். டெஸ்க்டாப் தானாக மவுன்ட் செய்யும்போது டிஸ்கின் பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதில் மாட்டும். முறையாகக் கழற்றினால் அதை எடுத்தும் விடும். கரண்ட் பட்டென்று போனதில் பழைய 'போட்டோ' ஃபோல்டர் வெறுமையாகத் தங்கிவிட்டது. திரும்ப பூட் ஆனபோது அந்தப் பெயர் ஏற்கெனவே இருப்பதால் 'போட்டோ1' என்று பக்கத்தில் இன்னொன்று போட்டிருக்கிறது. ஃபைல் மேனேஜர் உங்களை நேரே புது இடத்துக்குக் கூட்டிப்போகிறது. சிங்க்திங் இன்னும் பழைய கதவு எண்ணில் காலி வீட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

தானாக மவுன்ட் ஆவதை நம்பினால் அடுத்த மழையிலும் இதே கதைதான். எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்று பூட் ஆகும்போது பார்க்கிற எஃப்எஸ்டேப் ஃபைலில் நிரந்தரமாக எழுதிவிடுவோம்.

சிங்க்திங் சேவையை நிறுத்துங்கள். டிஸ்கை அன்மவுன்ட் செய்யுங்கள். பழைய 'போட்டோ' ஃபோல்டரை ஆர்எம்டிஆர் கட்டளையால் நீக்குங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் அது மறுத்துவிடும், அதனால்தான் அதைச் சொல்கிறேன். உள்ளே இருப்பதையும் சேர்த்துக் கேட்காமல் அழிக்கும் ஆர்எம் ஹைஃபன் ஆர்எஃப் பக்கமே போகாதீர்கள். அப்புறம் எம்என்டி-க்குக் கீழே 'படங்கள்' என்று புதிதாக ஒரு ஃபோல்டர். எல்எஸ்பிஎல்கே ஹைஃபன் எஃப் கொடுத்தால் டிஸ்கின் யுயுஐடி (அதற்கே உரிய அடையாள எண்) வரும். எஃப்எஸ்டேப் வரியில் அதைத்தான் போட வேண்டும். டிஸ்குகளுக்கு சிஸ்டம் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் கழற்றி மாட்டினால் மாறக்கூடியவை. ஆப்ஷனில் 'நோஃபெயில்' சேருங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் இல்லாத நாளில் பை பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் உட்கார்ந்துவிடும்.

ஆனால் நோஃபெயில் போட்டால் டிஸ்குக்காக பூட் காத்திருக்காது, டிஸ்குக்கு முன்னால் சிங்க்திங் எழுந்துவிடலாம். அதற்கு சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து, சேவையின் யூனிட் பகுதியில் 'ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்' என்று எழுதி அந்தப் புது 'படங்கள்' பாதையைக் கொடுங்கள். மவுன்ட் ஆனால்தான் சிங்க்திங் கிளம்பும். சிங்க்திங் சிஸ்டம் சேவையாக ஓடினால்தான் இதை நம்பலாம். யூசர் சேவையாக வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பாதை. ஏற்கெனவே உள்ள ஃபோல்டருக்கு எடிட் திரையில் பாதையை மாற்ற முடியாது. சிங்க்திங்கில் அந்த ஃபோல்டரை ரிமூவ் செய்து (ஃபைல்கள் அழியாது, பட்டியலிலிருந்து மட்டும் போகும்), அதே ஃபோல்டர் ஐடி-யோடு புதுப் பாதையில் சேருங்கள். ஐடி ஒரு எழுத்து மாறினாலும் வேறு ஃபோல்டர் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு பின்விளைவு உண்டு: பை நின்றிருந்த நேரத்தில் ஃபோனில் நீங்கள் அழித்த படங்கள் இருந்தால் அவை திரும்பி வரலாம், ஏனென்றால் பை-க்குப் பழைய கணக்கு ஞாபகம் இருக்காது.

சாலிடர்_சாமி:
இடையில் ஒரு கேள்வி. அந்த டிஸ்குக்குத் தனி பவர் இருக்கிறதா? பை 4-இன் யுஎஸ்பி துளைகள் நான்குக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். பை-க்கு என்ன அடாப்டர்?

தெப்பக்குளத்தான்:
தனி பவர் இல்லை. அடாப்டர் பழைய ஃபோன் சார்ஜர்.

சாலிடர்_சாமி:
சிஸ்டம் செய்திகளைக் காட்டும் டிமெசெக் கட்டளையில் 'அண்டர்வோல்டேஜ்' (மின்னழுத்தம் குறைவு) என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். தனி பவர் உள்ள யுஎஸ்பி ஹப் இருந்தால் இன்னும் நல்லது. மின்னழுத்தம் இறங்கி டிஸ்க் நடுவில் கழன்றுகொண்டால் எஃப்எஸ்டேப் என்ன செய்யும்? கரண்ட் போன டிஸ்க் ஆதலால், மவுன்ட் செய்வதற்கு முன்னால் டிஸ்கில் பிழை பார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டிவிடுங்கள்.

தெப்பக்குளத்தான்:
அண்டர்வோல்டேஜ் வரிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. அடாப்டர் மாற்றினேன். மணியக்காரர் சொன்ன வரிசையிலேயே செய்தேன், எஃப்எஸ்சிகே இரண்டு மூன்று பிழைகளைத் திருத்தியது. இப்போது ஃபோல்டர் ஸ்கேன் ஆகிறது, ஆனால் ஆமை வேகம். இது சகஜமா?

மவுன்ட்_மணியக்காரர்:
சகஜம்தான். புதிதாகச் சேர்த்ததால் ஒவ்வொரு ஃபைலையும் முழுதாகப் படித்து எஸ்ஹெச்ஏ-256 கணக்குப் போடுகிறது (ஃபைலின் உள்ளடக்கத்துக்கு ஒரு கைரேகை மாதிரி). பை 4-இன் சிப்பில் அதற்கான தனி வசதி இல்லை, பை 5-இல்தான் வந்தது. ஸ்கேன் முடிந்து, மொத்த ஃபைல் எண்ணிக்கை லேப்டாப்பில் உள்ளதோடு ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டு முதலில் லேப்டாப்பில் மட்டும் பாஸை எடுங்கள். சரியாக இருந்தால் ஃபோன்கள்.

ஃபைல் வெர்ஷனிங் (மாறும், அழியும் ஃபைல்களின் பழைய பிரதியை எடுத்து வைப்பது) போட்டிருக்கிறீர்களா?

தெப்பக்குளத்தான்:
பை-யில் 'ட்ராஷ் கேன்' வகை வெர்ஷனிங் போட்டிருக்கிறேன்.

மவுன்ட்_மணியக்காரர்:
இந்தச் சம்பவத்தில் அது உதவியிருக்காது. வேறு சாதனத்திலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டும்தான் வெர்ஷனிங் பழைய ஃபைலை எடுத்து வைக்கும். பை-யிலிருந்து கிளம்பும் அழிப்பைத் தடுக்க லேப்டாப்பில் போட வேண்டும். இடம் இருந்தால் ஃபோனிலும் போடுங்கள். அப்போதும் இது பேக்கப் ஆகாது. மாதத்துக்கு ஒரு தடவை இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்துக் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

கோடைமழை:
நல்லவேளை அவர் நான் சொன்னதைச் செய்யவில்லை.

தெப்பக்குளத்தான்:
எல்லாம் பச்சை. எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. லேப்டாப்பில் வெர்ஷனிங் போட்டாயிற்று. ஒரே ஒரு புகார்: வீட்டம்மா உட்கார்ந்து அழித்த குட்மார்னிங் படங்கள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. அதை நானே சமாளித்துக்கொள்கிறேன். நன்றி மணியக்காரரே, சாமி சார்.