ஓ.பி. சீட்டில் எழுதிய விருப்பம் செல்லுமா?

கெடிலக்கரை:
முத்தியால்பேட்டையார் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கொரோனா காலத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முதியவர்களிடம் கேட்டு எழுதியதெல்லாம் செல்லாக் காகிதம் என்கிறார். 2021 மே மாதம் என் அப்பாவுக்கு வயது 82. பீடியால் நுரையீரல் முன்பே பழுதாகியிருந்தது. திண்ணையில் அமர்ந்து, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியபடி மருத்துவரிடம் சொன்னார்: ஆக்சிஜன் வைக்கலாம், ஊசி போடலாம், தொண்டையில் குழாய் இறக்கக் கூடாது. மருத்துவர் அதை ஓ.பி. சீட்டின் பின்புறம் எழுதிப் படித்துக் காட்டினார். அப்பா நடுங்கும் கையால் கையெழுத்திட்டார். நான்கு நாள் கழித்து ஆக்சிமீட்டர் 79 காட்டியது. 108 வாசலில் நிற்க, குழாய் இறக்கலாமா கூடாதா என்று தம்பியும் அத்தை மகனும் கைகலக்காத குறை. அந்தச் சீட்டை நீட்டிய பிறகுதான் வாய் அடங்கியது.

முத்தியால்பேட்டையார்:
அம்மா, தங்கள் தந்தையாருக்காக வருந்துகிறேன். ஆனால் சட்டம் வேறு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, முன்கூட்டிய மருத்துவ உயிலில், அதாவது எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் ஆவணத்தில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் மேலொப்பமும் பெற வேண்டும். தங்கள் சீட்டில் நடுவர் கையெழுத்து எங்கே?

கெடிலக்கரை:
மே 10 முதல் முழு ஊரடங்கு. 82 வயது நோயாளியை நீதிமன்ற வாசலுக்கு யார் அழைத்துப் போவது? அந்த நடைமுறை மக்களுக்குக் கைகூடவில்லை என்று கண்டுதான் 2023 ஜனவரி 24 அன்று அதே நீதிமன்றம், நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும் என்று மாற்றியது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: அந்த உயில், தன் விருப்பத்தைத் தானே சொல்ல முடியாத நிலைக்கு ஒருவர் போன பிறகுதான் நடைமுறைக்கு வரும். அப்பா ஆம்புலன்ஸில் ஏறும்போதும் தெளிவாகப் பேசினார். தெளிவோடு இருப்பவர் ஒரு சிகிச்சையை மறுக்க நடுவர் எதற்கு?

முத்தியால்பேட்டையார்:
2023-இல் வந்த மாற்றம் 2021-இல் எழுதிய சீட்டுக்குப் பொருந்தாது. நடுவர் கையெழுத்து இல்லை என்பதை இவர் மறுக்கவே இல்லை என்பதைக் கவனிக்கவும்.

வில்லியனூர் வாசகி:
முத்தியால்பேட்டையார் அஞ்சுவதில் நியாயம் உண்டு. இங்கிலாந்தில், நோயாளியையும் குடும்பத்தையும் கலக்காமலேயே 'இதயம் நின்றால் மீட்க வேண்டாம்' என்று சிலருக்குக் குறிப்பு எழுதப்பட்டதை அந்நாட்டின் பராமரிப்புத் தர ஆணையமே 2021 மார்ச்சில் சுட்டிக்காட்டியது. ஆனால் தடுப்பூசி விவாதத்தில் என்னை 'அரைகுறை' என்றவருக்கு நான் துணை நிற்க வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

முத்தியால்பேட்டையார்:
அன்று சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை.

பண்ருட்டி பலாமரம்:
சட்டம் பேசும் புதுச்சேரிக்காரர்கள் அன்று எங்களை முள்ளோடை எல்லைச் சாவடி தாண்ட விட்டார்களா? என் மாமியாரை வண்டியில் வைத்துக்கொண்டு எல்லையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

முத்தியால்பேட்டையார்:
உங்கள் மாவட்டத்து நோயாளிகளையும் சேர்த்துத்தான் எங்கள் மருத்துவமனைகள் இத்தனை ஆண்டுகளாகச் சுமக்கின்றன.

கெடிலக்கரை:
எல்லைச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாசகி சொல்வது, கேட்காமல் எழுதியதைப் பற்றி. என் அப்பாவிடம் கேட்டார்கள். அரை மணி நேரம் கேட்டார்கள், முகக்கவசத்துக்குள் வியர்த்து வழிய அந்தப் பெண் மருத்துவர் உட்கார்ந்து கேட்டார். ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இளைப்பு என்று அறிந்தவர் அவர். பெரிய மருத்துவமனையில் அந்த நெருக்கடியில் யார் கேட்டிருப்பார்கள்? குழாய் இறக்காததால்தான் ஆறாம் நாள் அப்பா தம்பியிடம் கைபேசியில் பேச முடிந்தது; மாட்டுக்குத் தவிடு வைத்தாயா என்று கேட்டார். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார். 2018 தீர்ப்பே உயிலின் நகலைக் குடும்ப மருத்துவரிடம் கொடுக்கச் சொல்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை விட்டால் குடும்ப மருத்துவர் யார்? அந்தச் சீட்டு இன்னும் குடும்ப அட்டையோடு என் பெட்டியில் இருக்கிறது.

முத்தியால்பேட்டையார்:
இருக்கட்டும் அம்மா. அதில் நடுவர் கையெழுத்து இருக்கிறதா, இல்லையா?