நமீபியாவில் கூடாரப் பயணம்: டயர் காற்றிலிருந்து தொடங்குங்கள்

(நாங்கள் சிலர் மாறி மாறி எழுதியது இது. நட்சத்திரக் குறிக்கு அடுத்து எழுதுபவர் மாறுவார்.)

விண்ட்ஹோக்கில் ஹைலக்ஸ் மாதிரி ஒரு டபுள் கேப் வண்டி எடுத்து, சோலிடேர், செஸ்ரியம், சோசஸ்வ்லே, வால்விஸ் பே, ஸ்பிட்ஸ்கோப்பே என்று சுற்றப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மணல்மேட்டைப் பற்றித்தான். அங்கே பயணத்தைக் கெடுப்பது மணல் இல்லை, சரளை. சோசஸ்வ்லேயில் ஆழமான மணல் கடைசி 5 கிலோமீட்டர்தான். சரளைச் சாலையோ நாள் முழுக்க.

டயர் காற்றழுத்தம் தார்ச்சாலையில் 32 பிஎஸ்ஐ. சரளை தொடங்கும் இடத்தில் 26. மணலில் 16 முதல் 18. வண்டியோடு வரும் கேஜ் பெரும்பாலும் பார் கணக்கில் இருக்கும், 1 பார் என்றால் 14.5 பிஎஸ்ஐ. அதனால் 2.2, 1.8, 1.2 என்ற மூன்று எண்களையும் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். பின்னால் தண்ணீரும் விறகும் ஏறியிருந்தால் பின் டயருக்கு மட்டும் 2 பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளலாம்.

சரளையில் ஏன் குறைக்க வேண்டும்? அந்தச் சாலைகள் தகரக் கூரை மாதிரி குறுக்கே வரி வரியாக எழும்பியிருக்கும். முழுக் காற்றோடு போனால் டயர் ஒவ்வொரு வரியிலும் துள்ளும். துள்ளும் நேரத்தில் டயர் தரையில் இல்லை, அதாவது பிரேக்கும் ஸ்டியரிங்கும் உங்கள் கையில் இல்லை. மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் போனால் வண்டி வரிகளின் தலையில் மிதந்து அதிர்வு குறையும். அந்தச் சுகத்தை நம்பாதீர்கள், பிடிமானமும் சேர்ந்தே குறைகிறது. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 80ஐ உச்சவரம்பாகப் போடுவது இதனால்தான். 26 பிஎஸ்ஐயில் 65, 70 வைத்துப் போவது நல்லது. அதற்காக 20க்கும் கீழே இறக்கிவிடக் கூடாது. டயரின் பக்கச்சுவர் பிதுங்கி, கூரான கல் அதைக் கிழித்துவிடும். நடுப்பட்டையில் ஆணி ஏறினால் பஞ்சர் குச்சி வைத்து அடைக்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயர் முடிந்தது. இரண்டு ஸ்டெப்னி கேட்டு வாங்குங்கள் என்று சொல்வது இதற்காக.

வண்டி உருளும் விபத்துகள் பலவும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. எதிரே லாரி வரும், ஓட்டுபவர் இடப்பக்கம் ஒதுங்குவார், இடது சக்கரங்கள் ஓரத்துத் தளர்ந்த சரளையில் இறங்கும், வண்டி இழுக்கும், உடனே வெடுக்கென்று வலப்பக்கம் திருப்புவார். அவ்வளவுதான். இழுத்தால் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் விடுங்கள். வேகம் தானாக இறங்கிய பிறகு மெல்ல மேலே ஏறுங்கள். இன்னொன்று: வேறு வண்டி மோதாமல் தானாக உருண்டால் காப்பீடு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும், கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

* * *

மேலே எழுதின அண்ணன் ஸ்டெப்னி பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்க. வாடகை வண்டியை உங்க கையில் கொடுக்கும்போதே அவங்க அலுவலக வாசலில் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்க. இருபது நிமிஷ வேலை. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். பின் பம்பருக்குப் பக்கத்தில் ஒரு துளை, அதில் நீளக் கம்பியை விட்டுச் சுற்றினால்தான் இறங்கும். அந்தக் கம்பி இருக்கா, வீல் ஸ்பேனர் நட்டுக்குப் பொருந்துதா, ஜாக்கி கூடாரத்தோட மொத்த பாரத்தைத் தூக்குதா, எல்லாம் அங்கேயே தெரிஞ்சிடும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரத்தில் கெட்டியான பலகை ஒண்ணு வேணும். இல்லாட்டி வண்டி எழும்பாது, ஜாக்கிதான் மண்ணுக்குள்ளே போகும்.

நமீபியாவிலும் நம்ம ஊர் மாதிரியே இடப்பக்கம்தான் ஓட்டணும், அதில் சிரமம் இல்லை. இருட்டின பிறகு மட்டும் ஓட்டவே ஓட்டாதீங்க. கூடு மானும் ஓரிக்ஸ் மானும் ரோட்டில் நிற்கும், வெளிச்சத்தைப் பார்த்தா குறுக்கே பாயும். கூகுள் சொல்ற நேரத்தை நம்பாம, சரளையில் மணிக்கு 60 கிலோமீட்டர்னு கணக்குப் போட்டு, சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்னாடியே கூடாரம் போடுற இடத்தில் இருக்கிற மாதிரி கிளம்பணும். சோலிடேரில் டேங்க் பாதிக்கு மேல இருந்தாலும் நிரப்பிக்கங்க. அங்கிருந்து வால்விஸ் பே வரை சி14 சாலையில் 230 கிலோமீட்டர் அளவுக்கு வேற பங்க் கிடையாது. கார்டு இயந்திரம் வேலை செய்யாத நாளும் உண்டு, பணமா கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

* * *

சோசஸ்வ்லே பற்றி நான் எழுதுகிறேன்.

எங்கே தங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சோசஸ்வ்லேக்குப் போகும் வழியில் உள்ள செஸ்ரியம் வெளிவாசல் சூரிய உதயத்துக்குத்தான் திறக்கும். வாசலுக்கு உள்ளேயே இருக்கும் செஸ்ரியம் முகாமில் தங்குபவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்வாசல் திறந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே உள்ளே இடம் பிடியுங்கள், மாதக்கணக்கில் முன்கூட்டியே. உள்ளே 60 கிலோமீட்டர் தார்ச்சாலை. 45ஆவது கிலோமீட்டரில் டியூன் 45 என்ற மணல்மேடு. தார் முடியும் இடத்தில் சாதாரணக் கார்களை நிறுத்திவிட்டு அங்கிருந்து ஷட்டில் வண்டியில் போகலாம். மணலில் பழக்கம் இல்லாதவர் நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருந்தாலும் ஷட்டிலில் போவதே மேல்.

ஓட்டுவதென்றால், தார் முடியும் இடத்திலேயே நின்று காற்றை 16க்கு இறக்குங்கள். சிக்கிய பிறகு இறக்கலாம் என்று இருக்காதீர்கள். காற்று குறைந்தால் டயரின் தடம் நீளமாகிப் பாரம் பரவுகிறது, மணல் தாங்குகிறது. 4 எச் (நாலு சக்கர இழுவை, வேக நிலை) போதும், மிக இளகலாக இருந்தால் 4 எல்லில் (மெதுவான, வலு கூடிய நிலை) இரண்டாவது கியர். சீரான வேகம், நடுவில் கியர் மாற்றாதீர்கள். நிறுத்த வேண்டுமானால் பிரேக் அழுத்தாமல் உருட்டி நிறுத்துங்கள், பிரேக் அடித்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு குட்டிக் கரை எழும்பும். காலையில் மணல் குளிர்ந்து இறுகி இருக்கும், மதியம் அதே தடம் மாவு போல இளகிவிடும். போகும்போது சுலபமாகப் போனோமே என்று பதினொன்றரைக்குத் திரும்புகிறவர்கள்தான் சிக்குகிறார்கள்.

சிக்கினால் சக்கரத்தைச் சுழற்றாதீர்கள். ஒவ்வொரு சுழற்சியும் வண்டியைக் கீழேதான் இறக்கும், அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டால் நாலு சக்கரமும் வீண். இறங்கி, நாலு சக்கரத்துக்கு முன்னும் பின்னும், வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் மணலை வாருங்கள். காற்றை 12க்கு இறக்குங்கள். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெல்ல எடுங்கள், அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருக்கிறது. 12 பிஎஸ்ஐயில் ஸ்டியரிங்கை முழுக்க வளைத்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும், நேராக வந்ததும் 16க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து டெட்வ்லே என்ற வறண்ட களிமண் படுகை ஒரு கிலோமீட்டர் நடை. சவுசாப் ஆற்றின் நீர் ஒரு காலத்தில் அங்கே தேங்கி ஒட்டக முள் மரங்கள் வளர்ந்தன. மணல்மேடுகள் நகர்ந்து ஆற்றை அடைத்துவிட்டன. மரங்கள் செத்து 600, 700 ஆண்டுகள் ஆகின்றன என்கிறார்கள். மக்குவதற்குக்கூட ஈரம் இல்லாததால் வெயிலில் கருகி அப்படியே நிற்கின்றன. வெள்ளைக் களிமண் தரை, கறுத்த மரம், பின்னால் செம்மணல். கிட்டே போய்ப் பார்த்தால் தரையின் வெடிப்புகள் தேன்கூடு மாதிரி அறுகோணமாக ஓடும். மரத்தில் சாயாதீர்கள், கிளையைத் தொடாதீர்கள். அது ஒடிந்தால் இன்னொன்று முளைக்கப் போவதில்லை.

* * *

முகாம் சாமான் பக்கம் யாரும் வரவில்லை, அதைச் சொல்கிறேன்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், அதோடு இரண்டு நாள் உபரி. ஒரே பெரிய கேனில் வேண்டாம், ஒன்று வெடித்தால் எல்லாம் போகும்.

ஃபிரிட்ஜ் இரண்டாவது பேட்டரியில் ஓடும். ஓட்டும்போதுதான் அது சார்ஜ் ஆகும். ஒரே இடத்தில் இரண்டு நாள் தங்கினால் இரண்டாம் நாள் காலையில் ஃபிரிட்ஜ் அணைந்து கிடக்கும். வோல்ட் 12.0க்கு வந்தாலே பேட்டரி பாதிக்கு மேல் காலி என்று அர்த்தம். ராத்திரி ஃபிரிட்ஜைக் குறைத்து வையுங்கள், வெயிலில் நிற்கும்போது மேலே கம்பளி போடுங்கள், காற்றோட்டத் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள்.

புழுதி உள்ளே வருவது பின்கதவு இடுக்கில். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து புழுதியை உள்ளே உறிஞ்சும். இடுக்கு முழுக்க டேப் ஒட்டுங்கள், அரிசியை இரட்டைப் பையில் கட்டுங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இந்தப் பயணத்துக்கென்றே செய்தவை, ஃபிரிட்ஜ் நின்றாலும் கெடாது.

ஜூன், ஜூலையில் இரவு சுழியத்துக்குக் கீழேயும் இறங்கும், நல்ல படுக்கைப்பை வேண்டும். செருப்பை வெளியே விடாதீர்கள், நரி தூக்கிக்கொண்டு போகும். விறகு கடையில் வாங்குவதுதான் முறை, பொறுக்காதீர்கள். பட்டைக்கு அடியில் தேள் இருக்கும். புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள், அந்த வெளிச்சத்தில் தேள் பச்சையாக ஒளிரும். வறண்ட ஆற்றுப்படுகை சமமாக, நிழலாக, கூப்பிடுவது போல இருக்கும். அங்கே கூடாரம் போடாதீர்கள். எங்கோ மலையில் பெய்த மழை, வானம் நிர்மலமாக இருக்கும்போதே இங்கே வெள்ளமாக வரும்.

* * *

கடலோரத்துக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: பெங்குவேலா குளிர் நீரோட்டத்தால் ஸ்வாகோப்மண்ட் பக்கம் காலையில் மூடுபனி இறங்கும். அங்கே உப்புச் சாலைகள் உண்டு. காய்ந்திருந்தால் தார் மாதிரி, பனியில் நனைந்தால் சோப்பு மாதிரி. ஸ்பிட்ஸ்கோப்பேயில் கடல்மட்டத்திலிருந்து 1728 மீட்டர் உயரக் கருங்கல் மலைக்கு அடியில் முகாம், பெரும்பாலான இடங்களில் குழாய் கிடையாது, தண்ணீரோடு போங்கள்.

* * *

கடைசியாகக் காற்றுக்கே வருகிறேன், நிறையப் பேர் தவறு செய்யும் இடம் இது. மேலே சொன்ன எண்கள் எல்லாம் குளிர்ந்த டயருக்கு, அதாவது காலையில் கிளம்பும் முன் பார்க்கும் அளவு. 26 வைத்துக் கிளம்பினால் மதியம் கேஜ் 30 காட்டும். கூடிவிட்டதே என்று பிடுங்கிவிடாதீர்கள், மறுநாள் காலை 22 ஆகிப் பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும். மணலிலிருந்து வெளியே வந்ததும் கம்ப்ரஸரை எடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், கிளிப்பை பேட்டரியில் நேராக மாட்டுங்கள். 16லிருந்து 26க்கு ஒரு டயருக்கு நாலைந்து நிமிடம் பிடிக்கும். இரண்டு டயர் முடிந்ததும் கம்ப்ரஸரைப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். வால்வு மூடியை ஊதித் துடைத்து மாட்டுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் ராத்திரி முழுக்கக் காற்று கசியும்.