வயல் இருந்த இடத்தில் ஒரு நகர்

தஞ்சாவூர், பள்ளியக்கிரகாரம் பக்கத்திலிருந்து:

மேல வீதியில் ஒண்டுக்குடித்தனமாக இருபது வருடம் இருந்தோம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டு எங்கள் அடுப்பை அணைத்த கதையெல்லாம் உண்டு. சொந்த வீடு என்ற ஆசையில் வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம் மனை வாங்கிக் கட்டினோம். நகருக்கு ஒரு சாமி பெயர். அதற்கு முன் அது குறுவையும் தாளடியும் விளைந்த வயல்.

முதல் ஐப்பசியிலேயே மாட்டிக்கொண்டோம். இரவு பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் பார்த்தால் வாசலில் இரண்டு படி முழுகியிருந்தது, தெருத் தண்ணீர் சம்ப்புக்குள், கழிவறையில் ஊற்றுவது திரும்பி மேலே வருகிறது. மோட்டார் போட்டு இறைத்து எதிர் வீட்டு வாசலில் விட்டேன். அவர் இறைத்து என் வாசலில் விட்டார். சிரிக்காதீர்கள், இது இரண்டு மணி நேரம் நடந்தது. அதுவரை அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அப்போது ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், கேரியரில் மண்வெட்டி. எங்கள் தெரு முழுக்க அவர் குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலமாம். மூன்றாவது வீட்டு காம்பவுண்டைக் காட்டி, "தம்பி, இதுக்கு அடியிலதான் வடிகால் ஓடுச்சு. அத மூடிட்டு தண்ணிய எங்க போகச் சொல்றீங்க?" என்றார். மனை விற்றவர் கொடுத்த வரைபடத்தில் அப்படி ஒரு வாய்க்காலே இல்லை.

மேடு எது, பள்ளம் எது என்று அவர் கண்ணாலேயே அளந்தார். சாலையோரம் நான்கு இடத்தில் வெட்டச் சொன்னார். எதிர் வீட்டுக்காரரும் நானும் மாறி மாறி வெட்டினோம். மதியத்துக்குள் முழங்கால் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார். எங்களுக்காக வந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். "அந்தண்ட எனக்கு இன்னும் நாலு மா நிலத்துல நடவு நிக்குது தம்பி. இங்க தேங்குனா அங்கயும் வடியாது, பயிர் அழுகிடும்" என்றார்.

அப்புறம் தெருவே சேர்ந்து பணம் போட்டுக் குழாய் பதித்தோம். மூன்றாவது வீட்டுக்காரர் சம்மதிக்க ஒரு வருடம் ஆனது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து:

உங்களுக்குத் தண்ணீர், எங்களுக்குக் கூட்டம். மகாமகக் குளம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். 2016 பிப்ரவரி மகாமகத்தின்போது பத்து நாள் தெரு எங்களுடையதாக இல்லை. வண்டியை வெளியே எடுக்க முடியாது, பால் வாங்கக்கூடச் சுற்றிப் போக வேண்டும். திண்ணையில் முன்பின் தெரியாதவர்கள் படுத்திருப்பார்கள். ஒரு பாட்டி கதவைத் தட்டி, "கண்ணு, கொஞ்சம் பாத்ரூம் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அன்று மாலைக்குள் வீட்டு வாசலில் வரிசை. அம்மா ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் தீர்த்தவாரி அன்று குளத்துப் பக்கமே போக மாட்டேன் என்றுவிட்டார். 1992 மகாமக நெரிசலில் உயிர்கள் போனது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. வந்தவர்களிடம் ஒரு சொம்பில் குளத்துத் தண்ணீர் வாங்கி, வீட்டிலேயே தலையில் தெளித்துக்கொண்டார்.

அடுத்தது 2028. இப்போதே சொந்தக்காரர்கள் மாடி அறை காலியா என்று கேட்கிறார்கள். சென்னையிலிருக்கும் சித்தப்பாவும் கேட்டுவிட்டார், பொங்கலுக்கு மட்டும் வர மாட்டார்.

ஸ்ரீரங்கம், உத்திர வீதியிலிருந்து:

எங்களுக்கு வாசலில் நிற்கும் வெளியூர் கார்தான். மார்கழியில் விடியற்காலை கோலம் போடத் தண்ணீர் தெளித்தால், காருக்குள் தூங்கும் டிரைவர் கண்ணாடியை இறக்கி, "அக்கா, கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்" என்கிறார். என் வாசலில், என்னிடம்! சுற்றிப் போட்டுவிட்டேன். கார் போனபிறகு பார்த்தால் நடுவில் ஒரு கார் அளவுக்கு வெற்றிடம்.

ஒரு சந்தேகம், பள்ளியக்கிரகாரத்துக்காரரே. அந்தப் பெரியவர் இப்போதும் வருகிறாரா?

தஞ்சாவூர்:

வருகிறார். நாலு மா இரண்டாகிவிட்டது, மீதியில் கல் நட்டிருக்கிறார்கள். போன வாரம் அங்கே மனை பார்க்க வந்தவர்களிடம் வடிகால் எங்கே ஓடியது என்று காட்டிக்கொண்டிருந்தார். மனை விற்பவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.