வயிற்றுப் பூச்சி, ரத்தப் புழு: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மொட்டைமாடி:
ராத்திரி 11 மணி இருக்கும். மகள் தூக்கத்திலேயே நெளிந்து பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை நூல் துண்டு மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. துடைக்கப் போனால் நெளிகிறது! எங்கள் வீடு ஏழாவது மாடியில். அவள் மண்ணை மிதிப்பதே எப்போதாவதுதான், அதுவும் ஷூவோடு. "இனிப்பைக் குறை, பூச்சி வராது" என்று என் அம்மா ஒரு பக்கம். டாக்டர் எழுதிக்கொடுத்த மலப் பரிசோதனையில் "புழு, முட்டை எதுவும் இல்லை" என்று வந்துவிட்டது. கண்ணால் பார்த்ததை ஒரு தாள் இல்லை என்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

நுண்ணோக்கி:
நான் லேபில் வேலை பார்ப்பவள். கீரிப்பூச்சியை மலத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பெண் புழு ராத்திரியில் ஆசனவாய்க்கு வெளியே வந்து தோலில் முட்டையிட்டுவிட்டுப் போகும். காலையில் எழுந்ததும், குளிப்பதற்கும் கழுவுவதற்கும் முன்னால், ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், முட்டை தெரியும். மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இனிப்புக்கும் இல்லை. நகம், படுக்கை விரிப்பு, பொம்மை, இன்னொரு குழந்தையின் கை, இவ்வளவுதான்.

வரப்போரம்:
ஏழாவது மாடிக்காரரின் கவலை புரிகிறது. என் அத்தை கதை வேறு. வருஷக்கணக்காகச் சோர்வு, மூச்சிரைப்பு, ஹீமோகுளோபின் 5க்குப் பக்கத்தில். போகிற இடமெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை. கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். மாதவிடாய் என்றார்கள், மூலம் என்றார்கள், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று திட்டவும் செய்தார்கள். கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அத்தையின் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். விரல் இடுக்கில் பழைய அரிப்புத் தழும்புகள். "காட்டு வேலைக்குச் செருப்பு போடுவீங்களாம்மா?" அத்தை சிரித்துவிட்டார், சேற்றில் யார் செருப்பு போடுவார்கள் என்று. கொக்கிப்புழு. மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுமாம். குடலைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றும் நாளுக்கு 0.03லிருந்து 0.2 மில்லி வரை ரத்தம் குடிக்குமாம், இனத்தைப் பொறுத்து. நூற்றுக்கணக்கில் இருந்தால் என்ன ஆகும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்து, 400 மில்லிகிராம் மாத்திரை கொடுத்து, இரும்புச்சத்தையும் தொடரச் சொன்னார். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அந்தப் பாதத்தைப் பார்க்கத் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கறார்பேர்வழி:
கீரிப்பூச்சிக்கெல்லாம் ஒரு இழையா? என் அண்ணன் மகனுக்கும் வந்தது, போனது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும், அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. முட்டை துணியிலும் தரையிலும் இரண்டு மூன்று வாரம்வரை தாக்குப்பிடிக்கும். விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் போடுங்கள், உதறினால் முட்டை பறக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காலையில் எழுந்ததும் குளிக்க வையுங்கள். ராத்திரி உள்ளாடை போட்டுப் படுக்கவிடுங்கள். விரல் சூப்பும் பிள்ளையா? அதை நிறுத்தாமல் மாத்திரையாக விழுங்கிக்கொண்டே இருந்தால் பயனில்லை. கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் எதையும் விழுங்கக் கூடாது. அப்புறம் "சுத்தமில்லாத வீடு" என்று சொந்தக்காரர்கள் பேசினால் காதில் வாங்காதீர்கள்.

மொட்டைமாடி:
அனுபவம் கேட்டேன், அறிவுரை வந்தது. சரி, வெந்நீர் வைக்கிறேன்.

நிலவறை:
என் கணவருக்கு அலுவலகத்தில் வலிப்பு வந்து விழுந்தார். அதுவரை ஒரு தலைவலிகூடச் சொன்னதில்லை. ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். மூளைக்குள் ஒரு வெள்ளை வளையம், நடுவில் ஒரு புள்ளி. "அந்தப் புள்ளிதான் புழுவின் தலை" என்றார் டாக்டர், சாதாரணமாக. எனக்குக் கால் நடுங்கியது. அவர் பிறந்ததிலிருந்து இறைச்சியே தொடாதவர். நாடாப்புழு என்றால் பன்றி இறைச்சி என்றுதானே நினைத்திருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே வந்தது ஒன்றுதான்: "அப்போ எப்படி?"

கறார்பேர்வழி:
மன்னிக்கவும், ஆனால் வெளியே எங்காவது தெரியாமல் சாப்பிட்டிருப்பார். பன்றி இறைச்சி இல்லாமல் இது வராது.

நுண்ணோக்கி:
வரும். தயவுசெய்து இதை மட்டும் பரப்பாதீர்கள், இதனால் குடும்பத்துக்குள் வீண் சந்தேகம் வருகிறது. சரியாக வேகாத பன்றி இறைச்சியில் இருக்கும், புழுக்குட்டி அடங்கிய நீர்க்கட்டியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போகும் வழி வேறு. குடலில் புழு இருக்கும் ஒரு மனிதரின் மலத்திலிருந்து வரும் முட்டை கைவழியாகவோ, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போக வேண்டும். அந்த முட்டை பொரிந்துதான் ரத்தத்தில் ஏறி மூளையில் தங்குகிறது. பன்றி இறைச்சியை மதப்படியே ஒதுக்கும் நியூயார்க் யூதர்கள் சிலருக்கு இதே நோய் வந்தது 1992இல் மருத்துவ இதழிலேயே வெளிவந்தது. அந்த வீடுகளில் வேலை செய்தவர்களைப் பரிசோதித்தபோது அவர்களிடையே நாடாப்புழு தொற்று இருந்தது தெரிந்தது. நிலவறை, வீட்டில் மற்றவர்களுக்கும் மலப் பரிசோதனை செய்யச் சொன்னார்களா? கேளுங்கள். இன்னொன்று, கட்டி ஏற்கெனவே சுண்ணாம்பாகிவிட்டிருந்தால் புழு மருந்து தேவைப்படாது, வலிப்பு மாத்திரை மட்டும் போதும் என்பார்கள். உயிரோடு இருந்தாலும் மருந்தைத் தானாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. புழு சாகும்போது மூளையில் வீக்கம் கூடும், அதற்குத் துணை மருந்து வேண்டும், கண்ணிலும் கட்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நிலவறை:
எங்களை யாரும் பரிசோதிக்கச் சொல்லவில்லை. நாளை கேட்கிறேன்.

பழையசெருப்பு:
அப்பாவுக்கு இடுப்பில் சிவப்புக் கோடு ஒன்று வரும், போகும். ஒருநாள் பேனாவால் அதன் நுனியில் புள்ளி வைத்துவிட்டு டீவி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோடு புள்ளியைத் தாண்டி விரல் நீளம் போயிருந்தது. தோலுக்கடியில் நடந்துகொண்டிருக்கிறது! அவர் கிராமத்தை விட்டு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று பெயர் சொன்னார்கள். மற்றக் குடற்புழுக்கள் வயதாகிச் செத்துப்போகும், இது உள்ளேயே குட்டி போட்டு, குடல் சுவர் வழியாகவோ ஆசனவாய்த் தோல் வழியாகவோ மறுபடி உடம்புக்குள்ளேயே நுழைந்துகொள்ளும். இரண்டாம் உலகப் போரில் பர்மா ரயில் பாதை போட்ட பிரிட்டிஷ் கைதிகளிடம் முப்பது வருஷம் கழித்தும் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பயம் அங்கே இல்லை. அப்பாவுக்கு மூச்சிரைப்புக்காக ஸ்டீராய்டு ஆரம்பிக்க இருந்தார்கள். எதிர்ப்பு சக்தி அடங்கினால் இந்தப் புழு உடம்பு முழுக்கப் பெருகி ஆளையே கொன்றுவிடும். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு ஏறியிருந்ததைப் பார்த்து ஒரு நர்ஸ்தான் "அந்தக் கோட்டை டாக்டரிடம் காட்டினீங்களா?" என்று கேட்டார். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொடுத்த பிறகே ஸ்டீராய்டு. அந்த நர்ஸ் அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காத வாரமில்லை.

வரப்போரம்:
அத்தைக்கும் ஒருமுறை இந்தக் கோடு வந்ததாகச் சொல்வார்கள். அது அரிப்பு என்று விட்டுவிட்டோம். ஆல்பெண்டசோல் இதற்கும் சேர்த்து வேலை செய்திருக்குமா?

நுண்ணோக்கி:
ஒற்றை மாத்திரை இதற்குப் போதாது. ஒரே ஒரு மலப் பரிசோதனையிலும் தப்பிவிடும். இப்போதே கேட்டுவிடுங்கள், குறிப்பாக ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து எதுவும் தொடங்கும் முன்.

தூக்கமில்லாதவன்:
எங்கள் தெருவில் சாக்கடை மூடியிருக்கும் என்று பெயர்தான், கொசுவுக்குத் தடையில்லை. ஒரு ராத்திரி 10 மணிக்கு மேல் கதவைத் தட்டினார்கள். யானைக்கால் பரிசோதனையாம். தூக்கக் கலக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கே போய்விட்டார், "பகலில் வரக்கூடாதா?" என்று. யானைக்கால் புழுவின் குட்டியான நுண்புழு பகலில் நுரையீரலில் ஒதுங்கியிருந்து, ராத்திரி 10 முதல் 2 மணிக்குள்தான் வெளி ரத்தத்துக்கு வரும், கொசு கடிக்கிற நேரத்துக்கு என்றார் அந்தப் பணியாளர், பொறுமையாக. விரலில் குத்திச் சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிக்கொண்டு போனார். முடிவு இன்றுவரை வரவில்லை. காலில் லேசாக வீக்கம் தெரிகிற நாளெல்லாம் நானே அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.

கறார்பேர்வழி:
தெருவோடு மாத்திரை கொடுக்க வந்தபோது சாப்பிட்டீர்களா? காய்ச்சல் வரும் என்று பயந்து பாதிப் பேர் தூக்கிப் போடுகிறார்கள். ரத்தத்தில் இருக்கும் புழு சாவதால் வருகிற காய்ச்சல் அது. முதிர்ந்த புழு பல வருஷம் உயிரோடு இருக்கும், மாத்திரை முக்கியமாகக் குட்டிகளைத்தான் ஒழிக்கிறது. அதனால்தான் வருஷா வருஷம் வருகிறார்கள்.

தூக்கமில்லாதவன்:
சாப்பிட்டேன் ஐயா, கண்ணெதிரே. நான் கேட்பது அந்தக் கண்ணாடியைப் பற்றி.

நுண்ணோக்கி:
பகலிலேயே விரல் ரத்தத்தில் சில நிமிடத்தில் பார்க்கிற, புழு விடும் பொருளைக் கண்டறியும் ஆன்டிஜென் பட்டைச் சோதனை இருக்கிறது. அதைக் கேட்டுப் பாருங்கள்.

தூக்கமில்லாதவன்:
நேரில் போய்க் கேட்டேன். அந்த ராத்திரிப் பதிவேட்டில் எங்கள் தெருவே இல்லை என்றார்கள். பட்டைச் சோதனைக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிப் போகிறேன்.