அம்மாவின் 804 விசா மறுப்பு: நேரே அமைச்சருக்கு எழுதலாமா?

டூங்காபி மகள்:
அம்மாவுக்கு 74 வயது. சிட்னியில் எங்களோடு இருந்தபடியே முதிய பெற்றோருக்கான 804 விசாவுக்குப் போட்டிருந்தோம். போன வாரம் மறுத்துவிட்டார்கள். காரணம் மெடிக்கல்: வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. குடிவரவு அமைச்சர் நினைத்தால் விசா கொடுக்கலாமாமே? செலவை நாங்களே ஏற்கிறோம் என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதுமா?

டான்டினாங்காரன்:
எழுதுங்கள் அக்கா. நாடுகடத்தப்பட இருந்த பிலோயீலா ஊர்த் தமிழ்க் குடும்பத்துக்கு 2022-ல் நிரந்தர விசா கிடைத்ததும் அமைச்சர் கையால்தானே.

பழைய ஏஜென்ட்:
இப்போதைக்கு எழுதாதீர்கள். பிலோயீலாவுக்காக ஒரு ஊரே வருடக்கணக்கில் போராடியது, அதை அளவுகோலாக வைக்க வேண்டாம்.

உங்களுக்கு உதவக்கூடியது குடிவரவுச் சட்டத்தின் 351-ஆம் பிரிவு. மறுப்பை மறு ஆய்வுத் தீர்ப்பாயம் (ஏ.ஆர்.டி.) பார்த்து முடிவு சொன்ன பிறகுதான் அந்த அதிகாரமே அமைச்சருக்கு வரும். தீர்ப்பாயத்தில் மனுப் போட 28 நாள். தாண்டினால் நீட்டிப்பு கிடையாது. தீர்ப்பாயமும் போச்சு, அமைச்சரும் போச்சு.

தீர்ப்பாயத்தில் பெரும்பாலும் தோற்பீர்கள், அதற்கும் தயாராக இருங்கள். தாண்டினால் விசா மறுக்கப்படும் மருத்துவச் செலவு வரம்பை 2024 ஜூலையில் 86,000 டாலராக்கினார்கள். டயாலிசிஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். நீங்கள் கட்டுவீர்களா என்று யாரும் பார்ப்பதில்லை. அதே அளவு நோயுள்ள ஒருவருக்கு அரசுக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் கணக்கு. 804-ல் இந்த விதிக்கு விலக்கும் இல்லை.

டூங்காபி மகள்:
தோற்பதற்கா மூவாயிரம் டாலருக்கு மேல் கட்டணம்!

பழைய ஏஜென்ட்:
ஆமாம், அபத்தம்தான். ஆனால் இத்தனை நாள் நீங்களே கட்டிய டயாலிசிஸ் ரசீது, ஊரில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது, எல்லாம் அமைச்சரிடம்தான் எடுபடும். ஒன்று விடாமல் சேர்த்து வையுங்கள். அப்போதும் உறுதி இல்லை. பொதுநலன் கருதி அவர் தலையிடலாம், உங்கள் கோரிக்கையைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற கடமைகூட அவருக்குக் கிடையாது.

டூங்காபி மகள்:
கடிதம் வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. நேற்று ராத்திரியே ஆன்லைனில் மனுப் போட்டாயிற்று. இன்னொன்று: மதுரையில் பெரியம்மாவுக்கு முடியவில்லை, அம்மா ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். போய்வரலாமா?

பழைய ஏஜென்ட்:
இப்போது கையில் இருக்கும் இடைக்கால விசா பிரிட்ஜிங் ஏ என்றால் அதோடு போகாதீர்கள், வெளியேறியதும் அது செத்துவிடும். முதலில் வெளியே போய்த் திரும்பிவர விடும் பிரிட்ஜிங் பி வாங்குங்கள். போவதென்றால் தீர்ப்பாயம் முடிவு சொல்வதற்குள் போய்வரட்டும். தோற்ற பிறகு அந்த விசாவுக்கு 35 நாள்தான் ஆயுள், அப்புறம் பிரிட்ஜிங் ஈ. அதில் போனால் திரும்ப வர வழியில்லை.

டூங்காபி மகள்:
கடிதத்தைப் பார்த்தேன், ஏ தான். பி-க்கு இன்றே போடுகிறேன். மதுரையில் டயாலிசிஸுக்கு இடம் சொல்லிவைக்க வேண்டும், தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.