கிராஃபிஷ் நிற கிராங்க்பெய்ட்: எந்தத் தண்ணீருக்கு எது?

வணக்கம் நண்பர்களே. பாஸ் மீன் பிடிப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். கிராஃபிஷ் (இறால் போன்ற, கொடுக்குள்ள நன்னீர் உயிரி) நிறம் என்ற பெயரில் சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு, பாசிப்பச்சை என்று ஏகப்பட்ட கிராங்க்பெய்ட்கள் (தூண்டிலில் கட்டி இழுக்கும்போது நீந்துவது போல் அசையும் செயற்கை இரைகள்) கிடைக்கின்றன. எதை எடுப்பது என்று குழப்பமாக இருக்கிறது.

நான் போகும் ஏரியில் கரையோரம் முழுக்கப் பாறையும் சரளையும்தான். ஆழம் 5 முதல் 8 அடி. தண்ணீர் பொதுவாகத் தெளிவு, மழை பெய்தால் கலங்கிவிடும். கல்லைப் புரட்டிப் பார்த்தால் அங்குள்ள கிராஃபிஷ் பாசிப்பச்சை கலந்த பழுப்பு, கொடுக்கு நுனியில் மட்டும் ஆரஞ்சு. தெளிந்த தண்ணீருக்கு இதே நிறம் போதும் என்றுதான் நினைக்கிறேன், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் ஆரஞ்சு இருந்தால் இன்னும் நல்லது.

சந்தேகம் சிவப்பில்தான். குளிர் விட்டுத் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் தாண்டும் சமயத்தில் சிவப்பு நன்றாக வேலை செய்யும் என்று பலரும் சொல்கிறார்கள். லார்ஜ்மவுத் பாஸின் (பெரிய வாயுள்ள பாஸ் வகை) கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் நன்றாகத் தெரியும். ஆனால் தெளிந்த தண்ணீரில் ஆழம் கூடக் கூட முதலில் மங்குவதும் சிவப்புதானே? கலங்கிய தண்ணீரில் எப்படி? அங்கே 8 அடியில் சிவப்புக்கு அர்த்தம் உண்டா, இல்லை கருப்பு முதுகுள்ள அடர்நிறம் மேலா?

அப்புறம், கிராஃபிஷ் ஓடு கழற்றிய சமயத்தில் வெளிர் நிறத்துக்கு மாற்றிப் பலன் கண்டவர்கள் இருக்கிறீர்களா? பதில் சொல்லும்போது உங்கள் தண்ணீரின் தெளிவு, ஆழம், பருவம் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.