அடாப்டர், பிஓஇ (நெட் கேபிள்லயே கரன்ட் அனுப்புறது), 48 வோல்ட்: நீங்க பார்த்த கரன்ட் கூத்தை சொல்லுங்க

நைட்ஷிஃப்ட்:
ரவுட்டர் சும்மா சும்மா ரீஸ்டார்ட் ஆகுதுன்னு ஒரு ஆபீஸ்ல கூப்பிட்டாங்க, நான் போறதுக்குள்ள நெட் கனெக்‌ஷன் குடுத்தவன எல்லாரும் திட்டி முடிச்சுட்டாங்க. அடியில லேபிள பார்த்தா 12 வோல்ட் 2 ஆம்ப். சொருகியிருந்த அடாப்டரும் 12 வோல்ட் தான், ஆனா 0.5 ஆம்ப், ஏதோ பழைய பெட்டியோடது. லைட்டெல்லாம் ஜம்முன்னு எரியும், ஆளுங்க வந்து வைஃபைல ஏற ஏற படுத்துரும். வோல்ட் அதே தான் இருக்கணும், ஆம்ப் கூட இருந்தா ஒண்ணும் ஆகாது, கம்மியா இருந்தா தான் தலைவலி. பின்னு நுழையுதேன்னு நம்பிடாதீங்க, ஒரே சைஸ் பின்னுல 9 வோல்ட்டும் வரும் 24 வோல்ட்டும் வரும்.

கிரிம்பர்:
அண்ணே உங்களுது ரீஸ்டார்ட்டோட போச்சு, நான் பார்த்தது புகை. ஒரு இடத்துல பழைய ஆக்சஸ் பாயின்ட்ட (வைஃபை பெட்டிய) கழட்டிட்டு அதே கேபிள்ல பிரின்டர மாட்டிட்டாங்க, மறுமுனையில 24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டர், அதாவது நெட் கேபிள்ல கரன்ட் ஏத்துற பெட்டி, அப்படியே ஆன்ல இருந்தத யாரும் பார்க்கல. 802.3ஏஎஃப், ஏடின்னு பிஓஇ ஸ்டாண்டர்டு படி வர்ற சுவிட்ச்னா எடுத்தவுடனே 48 வோல்ட் விடாது, முதல்ல 10 வோல்ட்டுக்குள்ள லேசா தட்டிப் பார்க்கும், அந்தப் பக்கம் 25 கிலோ ஓம் தெரிஞ்சா தான் பவர திறக்கும், சாதா பிரின்டர்னா சும்மா இருந்துரும். பாசிவ் அப்படி எதையும் கேக்காது, கேபிளோட 4, 5வது பின்னுல பிளஸ், 7, 8ல மைனஸ், எந்நேரமும் போய்க்கிட்டே இருக்கும். போர்டை திறந்து பார்த்தா லேன் போர்ட் பின்னாடி இருந்த குட்டி குட்டி 75 ஓம் ரெசிஸ்டர் ரெண்டு கருகி, போர்டே பழுப்பா போயிருந்துச்சு. அந்த இன்ஜெக்டர்லயும் "பிஓஇ"ன்னு தான் போட்டிருக்கான், அதான் எரிச்சலே.

ரேக்வாசி:
ரெண்டு பவர் சப்ளை உள்ள கோர் சுவிட்ச் (மொத்த நெட்வொர்க்கும் அதுல தான் தொங்குது), ரெண்டு கேபிளும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல, அது போனா ரெண்டும் போச்சு. அப்புறம் எதுக்குய்யா ரெண்டு வாங்குனீங்க?

மைனஸ்48:
டெலிகாம் ரேக் பக்கம் வந்தா வீட்டு வயரிங் பழக்கத்த வெளியவே விட்டுட்டு வாங்க. இங்க ஓடுறது மைனஸ் 48 வோல்ட் டிசி, எர்த் ஆகியிருக்கறது பிளஸ், உயிர் இருக்கறது மைனஸ். புதுசா வந்த பையன் ஒருத்தன் கலர மட்டும் பார்த்து டெர்மினல்ல லக்க (வயர் நுனியில இருக்குற உலோக வளையத்த) வைக்கப் போனான், எங்க சீனியர் கைய புடிச்சு நிறுத்தி மீட்டர குடுத்தாரு, பார்த்தா முன்னாடி வயரிங் பண்ணவன் கலர மாத்திப் போட்டு வச்சிருக்கான். பிரேக்கர் ஆஃப்ல இருக்கணும், எர்த் வயர் தான் முதல்ல மாட்டணும், கழட்டும்போது அதான் கடைசி. மீட்டர்ல 54 பக்கம் காட்டுனா பயப்படாதீங்க, பேட்டரி சார்ஜ் ஆகுற வோல்ட்டேஜ் அது.

கேமராகாரன்:
பகல்ல எல்லா கேமராவும் ஓடுது, ராத்திரி ஆனா கடைசி நாலு அவுட்டுன்னு கம்ப்ளைன்ட், கேபிள மாத்தி கேமராவையும் மாத்தி பார்த்துட்டாங்க பாவம். 24 போர்ட் பிஓஇ சுவிட்ச், எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் 370 வாட் தான், போர்ட்டுக்கு 15.4 வாட்னு வச்சா சரியா இருக்கும், ஆனா 30 வாட் கேட்டா 12 போர்ட்டோட தீர்ந்துச்சு. இருட்டுனதும் கேமராவோட ஐஆர் லைட்டு (இருட்டுல பார்க்க எரியறது), ஹீட்டர் எல்லாம் சேர்ந்து இழுக்குது, சுவிட்ச் கடைசி போர்ட்டுங்கள வெட்டி விட்டுருச்சு. நாலையும் வேற சுவிட்ச்சுக்கு மாத்துனோம், அதுக்கப்புறம் கம்ப்ளைன்ட் இல்ல.